கிரீன் டீ கேப்சூல்: ஆறு வாரம், 168 கேப்சூல், ஒரு ரத்தப் பரிசோதனை

எனக்குத் தையல் தொழில். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பருமனான பெண் ஒருத்தி அளவு கொடுக்க வந்து நின்றால், டேப் அவளைத் தொடும் முன்பே மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள். "மூச்சை விடுங்கம்மா, அப்பதான் துணி சரியா உக்காரும்" என்பேன். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்த எண்ணைக் காதால் கேட்டால் அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே உடம்போடுதான் நிற்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 104.2 கிலோ. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 37 வரும். 30-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்கிறது மருத்துவம்.

கிரீன் டீ கேப்சூலை நானேதான் வாங்கினேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. ஒரு டப்பாவில் 90 கேப்சூல். அட்டையில் பனித்துளி நிற்கிற தேயிலைக் கொழுந்து. "இயற்கையான முறையில் கொழுப்பைக் கரைக்கும்" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், "காலை 2, மாலை 2, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில்." பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், "ஒரு கேப்சூலில் கிரீன் டீ சாறு 500 மி.கி. இயற்கையான கஃபீன் கொண்டது." அதோடு சரி. கம்பெனி பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் சொல்வது இந்த வகை டப்பா எதற்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

வாங்கும்போது என் மனதில் ஓடியது ஒரே வார்த்தைதான்: டீதானே. எத்தனையோ நூற்றாண்டாக மனிதர்கள் குடித்து வருகிற இலை. அது என்ன செய்துவிடப்போகிறது? பலன் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. கேப்சூல் பெரியது, தொண்டையில் ஒரு நொடி நின்றுதான் இறங்கும். இரண்டாம் நாள் ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெளிறிய பழுப்பில் மைதாவைப் போல மிருதுவான தூள், தேயிலை வாசனை துளியும் இல்லை. நுனிநாக்கில் வைத்தேன். வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, அதற்குப் பின்னால் வெகுநேரம் போகாத கசப்பு. இலையை வெந்நீரில் போட்டு இறக்கினால் வருகிற சுவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

முதல் நாலு நாள் அட்டையில் சொன்னபடியே வெறும் வயிற்றில் போட்டேன். கால் மணி நேரத்தில் குமட்டல் ஆரம்பிக்கும், மிஷின் முன்னால் குனிந்தால் வாய்வரை வரும். ஐந்தாம் நாளிலிருந்து சாப்பிட்டுவிட்டுப் போட ஆரம்பித்தேன், குமட்டல் பாதியாகக் குறைந்தது. மாலை இரண்டைப் போட்டால் இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கஃபீன் எவ்வளவு என்று அட்டையில் போட்டிருந்தால் மாலைப் பங்கைப் பிற்பகலுக்காவது மாற்றியிருப்பேன். "இயற்கையான கஃபீன்" என்கிறார்கள். இலையிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் கஃபீன் ஒரே பொருள்தான், தூக்கத்தை ஒரே மாதிரிதான் கெடுக்கும்.

இப்போது எடை. இரண்டாம் வாரக் கடைசியில் தராசு 103.0 காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். நாலாம் வாரம் 103.6. ஆறாம் வாரம் 103.4. ஆக மொத்தம் 800 கிராம். ஒரே நாளில் காலையிலும் இரவிலும் ஏறி நின்றால் என் தராசு இதைவிட அதிகம் வித்தியாசம் காட்டும். முதல் இரண்டு வாரத்தில் குறைந்ததற்கும் காரணம் தேட வேண்டியதில்லை, குமட்டலில் நான் சரியாகச் சாப்பிடவே இல்லை.

தராசைவிட எனக்கு டேப்பில்தான் நம்பிக்கை. இடுப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவில், தரைக்கு இணையாக, இறுக்காமல் தொங்கவிடாமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில், என் தொழில்மேல் வைத்திருக்கிற மரியாதையோடு அளந்தேன். முதல் ஞாயிறு 46½ இஞ்ச். ஆறாம் வார ஞாயிறும் 46½ இஞ்ச்.

நான் நிறுத்தியதற்குத் தொடக்கம் இந்த அளவுகள் இல்லை. என் மகள்தான்.

அவளுக்குப் பதினைந்து வயசு. என் உடல்வாகு. மூன்றாம் வாரம் ஒரு காலையில் டப்பாவைக் கையில் எடுத்து, "அம்மா, நானும் ரெண்டு போட்டுக்கட்டுமா? டீதானே?" என்று கேட்டாள். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. எனக்கென்றால் யோசிக்காமல் விழுங்கினேன். அவள் கேட்டதும் கை நடுங்கியது. "இரு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வாங்கி மேல்தட்டில் வைத்தேன். அன்று மாலையே கம்பெனிக்கு எழுதினேன். மூன்றே கேள்வி: ஒரு கேப்சூலில் ஈ.ஜி.சி.ஜி. எத்தனை மில்லிகிராம்? கஃபீன் எத்தனை? பதினெட்டு வயசுக்குக் குறைந்தவர்கள் சாப்பிடலாமா?

ஈ.ஜி.சி.ஜி. என்ற பெயரை அன்றைக்குத்தான் மகளோடு உட்கார்ந்து தேடித் தெரிந்துகொண்டேன். எபிகேலோகேட்டசின் கேலேட் என்பதன் சுருக்கம். பச்சைத் தேயிலையில் கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருட்கள் நிறைய உண்டு, அவற்றில் முதன்மையானது இது. கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லப்படுவதும் இதுதான், கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்று ஆராய்கிறவர்கள் விரல் நீட்டுவதும் இதைத்தான். ஆக, இந்தக் கேப்சூலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றே ஒன்று. அது அட்டையில் இல்லை. "சாறு 500 மி.கி." என்பது ஒன்றையும் சொல்லாது. துணி இரண்டரை மீட்டர் என்று சொல்லிவிட்டு அகலத்தைச் சொல்லாமல் விட்டால் நான் எதை வெட்டுவது?

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரு கேப்சூலில் ஈ.ஜி.சி.ஜி. 225 மி.கி. மற்ற இரண்டு கேள்விக்கும் "எங்கள் பொருள் முற்றிலும் இயற்கையானது" என்ற ஒரே வரி.

225-ஐ நாலால் பெருக்கினேன். 900.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை விரிவாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரணமாகத் தேநீர் குடிக்கிறவர்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 90 முதல் 300 மி.கி. வரை ஈ.ஜி.சி.ஜி. போய்ச் சேர்கிறது, அது பொதுவாகப் பாதுகாப்பானது. கேப்சூல் போன்ற வடிவில் நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறுகின்றன. அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் விதியே கொண்டுவந்தது. ஒரு நாள் அளவு 800 மி.கி.க்குக் கீழேதான் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 18 வயசுக்குக் குறைந்தவர்களும் சாப்பிடக் கூடாது, அதே நாளில் வேறு கிரீன் டீ பொருளும் எடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட வேண்டும்.

என் டப்பாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 18 வயசு பற்றி ஒரு சொல் இல்லை. கர்ப்பிணி பற்றி ஒரு சொல் இல்லை. வெறும் வயிற்றில் சாப்பிடாதே என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில், வெறும் வயிற்றில் சாப்பிடு என்று எழுதியிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஈ.ஜி.சி.ஜி. உச்சம் மூன்று மடங்குக்கும் மேலே போகிறது என்று மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். நல்லா உறிஞ்சட்டும் என்பதற்காக ஒருவேளை அப்படி எழுதியிருக்கலாம். மூன்று மடங்கு உறிஞ்சினால் கல்லீரலுக்கும் மூன்று மடங்குதானே போகும்? குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் நேராகப் போய்ச் சேருகிற முதல் வீடு கல்லீரல்தான்.

பதில் வந்த மறுநாளிலாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆறு வாரம் முடித்துப் பார்த்துவிடலாம், தராசு இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும் என்று ஆசை. இதைப் படிக்கிற பருமனான யாருக்கும் அந்த ஆசையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் ரத்தம் கொடுத்தேன். எஸ்.ஜி.பி.டி., ஏ.எல்.டி. என்றும் சொல்வார்கள், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளில் ஒன்று, 71. இரண்டு மாதம் முன்பு வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் அது 32. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "புதுசா என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "மாத்திரை எதுவும் இல்லை டாக்டர்" என்றேன். பாருங்கள், அப்போதும் அது என் வாயில் மாத்திரையாக வரவில்லை. அவர் விடவில்லை. "சத்து மாத்திரை, மூலிகை, பொடி, எடை குறைக்க ஏதாவது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

அவர் திட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். "பருமன் இருக்கறவங்களுக்கு கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சும் இந்த எண் ஏறும். இது கேப்சூலாலதான்னு நூறு சதவீதம் சொல்ல மாட்டேன். ஆனா இடையில மாறினது இது ஒண்ணுதான். இன்னிக்கே நிறுத்துங்க, அஞ்சு வாரம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார். சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, தோல் அரித்தாலோ, வலது பக்க விலாவுக்குக் கீழே வலித்தாலோ ஐந்து வாரம் காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து எஸ்.ஜி.பி.டி. 34.

அந்த ஐந்து வாரமும் நான் வாசித்துக்கொண்டேதான் இருந்தேன். புரியாததை டாக்டரிடமே கேட்டேன்.

"கிரீன் டீ கொழுப்பை எரிக்கும்" என்கிற பேச்சு காற்றில் முளைத்தது அல்ல. 1999-ல் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு. ஆரோக்கியமான பத்து இளைஞர்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 90 மி.கி. ஈ.ஜி.சி.ஜி.யும் 50 மி.கி. கஃபீனும் உள்ள சாறு. மூச்சுக் காற்றை அளக்கும் அறைக்குள் வைத்து 24 மணி நேரம் பார்த்தார்கள். உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 4 சதவீதம் கூடியது, அதாவது 80 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. அதே அளவு கஃபீனை மட்டும் கொடுத்தபோது அந்த ஏற்றம் இல்லை. காரணமும் சொன்னார்கள். நம் உடம்பில் நாரட்ரினலின் என்ற சுரப்பு சக்தியைச் செலவழிக்கச் சொல்லும். அதை உடைக்கிற ஒரு நொதியை கேட்டசின் தடுக்கிறது, அதனால் அந்தக் கட்டளை கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது.

நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேர், ஒரு நாள். அந்த 80 கலோரி ஆறு வாரமும் தவறாமல் எனக்குக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 42 நாளில் 3,360 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக அரைக் கிலோகூட வராது. எல்லாம் நன்றாக நடந்து, உடம்பு பழகிக்கொள்ளாமல், பசியும் கூடாமல் இருந்தால் கிடைப்பது அவ்வளவு. 104 கிலோ உடம்பில் அரைக் கிலோ.

பருமனானவர்களையே எடுத்து, மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அவற்றைத் திரட்டி எடைபோட்ட தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2012-ல் வெளியிட்டது. 18 ஆய்வுகள், 1,945 பேர், ஒவ்வொன்றும் 12 அல்லது 13 வாரம். ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆறு ஆய்வுகளில், கிரீன் டீ எடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி) எடுத்தவர்களுக்கும் இருந்த சராசரி வித்தியாசம் 0.04 கிலோ. நாற்பது கிராம். என் கத்தரிக்கோல் அதைவிடப் பல மடங்கு கனம். ஜப்பானில் நடந்தவற்றில் 0.2 முதல் 3.5 கிலோ வரை குறைந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் கூட்டிச் சராசரி சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே குறைத்த எடை திரும்ப ஏறாமல் காக்குமா என்று பார்த்த ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை.

ஜப்பான் எண்ணைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை, நம்பிக்கையோடு இருக்கிறவர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 690 மி.கி. கேட்டசின் உள்ள பானத்தை 12 வாரம் குடித்த ஆண்களுக்கு 2.4 கிலோ குறைந்தது. 22 மி.கி. மட்டும் உள்ள பானத்தைக் குடித்தவர்களுக்கு 1.3 கிலோ. வித்தியாசம் ஒரு கிலோவும் சொச்சமும். அவர்கள் கேட்டசினைச் சாப்பாட்டு நேரத்தில் பானமாகக் குடித்தார்கள், உணவிலும் கட்டுப்பாடு இருந்தது. அதை வெறும் வயிற்றில் விழுங்கும் கேப்சூலுக்கு விளம்பரமாக்குவது நியாயமில்லை.

"உனக்கு ஆறு வாரம்தான், ஒரு வருஷம் போட்டால் தெரியும்" என்று யாராவது சொல்லலாம். ஒரு வருஷம் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில், மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நடத்தினார்கள். தினமும் 843 மி.கி. ஈ.ஜி.சி.ஜி., பன்னிரண்டு மாதம். அவர்களில் எடை அதிகமாகவும் பருமனாகவும் இருந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, உடல்கொழுப்பில் மாற்றம் இல்லை. கல்லீரல் கணக்கில் மட்டும் மாற்றம் இருந்தது. ஆய்வில் சாறு எடுத்த எல்லாரிலும் 5.1 சதவீதம் பேருக்கு கல்லீரல் பரிசோதனை எண்கள் குறிப்பிடும்படி ஏறின. வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 0.7 சதவீதம்.

இந்தக் கடைசி இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் என் 32, 71, 34 மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு லேசாகப் போனது. எல்லாருக்கும் அப்படிப் போவதில்லை. எக்ஸோலிஸ் என்று எடை குறைக்கும் கிரீன் டீ கேப்சூல் ஒன்று பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்பனையில் இருந்தது. அதை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகத் தொடர்ந்து தகவல் வந்ததால் 2003-ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம், என் டப்பாவின் அட்டைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஏன் ஒருவருக்கு ஒன்றுமே ஆவதில்லை, இன்னொருவர் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதற்கும் ஒரு பாதி விடை கிடைத்திருக்கிறது. மருந்துகளாலும் சத்து மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்டவர்களைப் பல வருஷமாகப் பதிவு செய்துவரும் அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு, கிரீன் டீ சாற்றால் பாதிக்கப்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்தது. அவர்களில் 72 சதவீதம் பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற ஒரு மரபணு வகை இருந்தது. பொதுமக்களிடம் அது பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அதைச் சுமப்பவர்கள் எல்லாருக்கும் பாதிப்பு வரும் என்று பொருளில்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. "என் தங்கச்சி ஒரு வருஷமாப் போடுறா, ஒண்ணும் ஆகலை" என்பது அந்தத் தங்கச்சிக்கு மட்டும்தான் செல்லும்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுக்கிறவர்கள் கவனியுங்கள், கேட்டசின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பு உறிஞ்ச விடாமல் செய்யும். ரத்த அழுத்தத்துக்கு நடோலோல் எடுக்கிறவர்களுக்குக் கிரீன் டீ அந்த மருந்தையே பெருமளவு உள்ளே போகவிடாமல் தடுக்கும். எந்த மருந்து எடுத்தாலும் இந்த டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். என்னைப் போல "மாத்திரை எதுவும் இல்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள்.

குடிக்கிற கிரீன் டீயை நான் எதிர்க்கவில்லை. நானே தினமும் ஒரு கோப்பை குடிக்கிறேன், அதன் கசப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் தள்ளி, சர்க்கரை இல்லாமல். எடைக்காகக் குடிக்கவில்லை.

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. அந்த ஆறு வாரமும் தராசு அசையாத ஒவ்வொரு ஞாயிறும் நான் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். நடை போதவில்லை, வாய்க்கட்டுப்பாடு இல்லை, கேப்சூலை நேரம் தவறிப் போட்டேன் என்று. நோட்டின் ஓரத்தில் "நீ சரியில்லை" என்றுகூட எழுதியிருக்கிறேன். கேப்சூல் சரியில்லை என்று ஒரு ஞாயிறும் தோன்றவில்லை. பருமனானவர்களுக்கு விற்பது இதனால்தான் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. பலிக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தர மாட்டோம், பழியை நாமே எடுத்துக்கொள்வோம். சின்ன வயசிலிருந்து அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், எடை குறைந்ததும் உடம்பே எதிர்த்து நிற்கிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களின் பசிச் சுரப்புகளை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை "சாப்பிடு, சாப்பிடு" என்கிற நிலையிலேயே இருந்தன. மனவுறுதி இல்லாததால் வருகிற பசி அல்ல அது. உலக சுகாதார நிறுவனம் உடல்பருமனை நாள்பட்ட நோய் என்றே சொல்கிறது. அந்த நோய்க்கு உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன்: 2021-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசியால் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, வெற்று மருந்தில் 2.4 சதவீதம். அதற்கும் பக்கவிளைவு உண்டு, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 14.9 சதவீதத்தையும் நாற்பது கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கிரீன் டீ கேப்சூலை மருந்து என்று சொல்லி விற்க முடியாது என்பதால்தான் டீ என்று சொல்லி விற்கிறார்கள். பலனைக் கேட்டால் மருந்து மாதிரி பேசுகிறது, பாதுகாப்பைக் கேட்டால் டீ மாதிரி பேசுகிறது.

என் மதிப்பீடு கேட்டால்: எடை குறைக்க இதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, ஒரு கல்லீரல் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. யார் என்ன சொன்னாலும் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்டையில் ஈ.ஜி.சி.ஜி. மில்லிகிராம் போடாத டப்பாவைத் தொடாதீர்கள், சாப்பிடாமல் விழுங்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் எஸ்.ஜி.பி.டி. தாள்களையும் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப ஏம்மா அதைக் கடையில விக்க விடுறாங்க?" என்னிடம் பதில் இல்லை. கம்பெனிக்கு மறுபடி எழுதினேன், "வெறும் வயிற்றில்" என்ற வரியை எடுக்கச் சொல்லி. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. இரண்டு டப்பா 180-இல் 168 போக மிச்சம் பன்னிரண்டு, மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். கைப்பையை மேஜையில் வைக்கும்போது உள்ளே அதே கொழுந்துப் படம் தெரிந்தது. "எத்தனை நாளா?" என்று கேட்டேன். "ரெண்டு வாரம்க்கா, வெறும் வயித்துல. டீதானே" என்றாள். இரும்புச் சத்து மாத்திரையும் எடுக்கிறாளாம். டேப்பைத் தோளில் போட்டுவிட்டு அவளை உட்கார வைத்து, நோட்டைத் திறந்து 32, 71, 34-ஐக் காட்டினேன். சிறுநீர் நிறம் எப்படி என்று கேட்டேன், சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றாள். டாக்டரிடம் போகிறபோது டப்பாவையே கையில் எடுத்துப்போகச் சொன்னேன். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறாள். அவள் துணியை இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உள்தையல் விட்டு வெட்டி வைத்திருக்கிறேன், எந்தப் பக்கம் போனாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.